மெழுகு கேன்வாஸ் ஜாக்கெட்: பெயருக்கு முன்னால் துணியைப் பாருங்கள்

மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர்ப் பக்கத்திலும் மழை ஒட்டாதபடி மெழுகு ஏற்றிய தடித்த பருத்தித் துணியில் தைக்கும் மெழுகு கேன்வாஸ் ஜாக்கெட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழி விடியலில் ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்கு பைக்கில் போகிறவர்கள், ஏலகிரியில் இரவு தங்குகிறவர்கள், படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ விமானம் ஏறுகிறவர்கள் எனப் பல வகையினர். ராணிப்பேட்டையில் தோல் உடைத் தொழிலில் இருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி வரும்: பார்பர் வாங்கலாமா, ஃபில்சன் வாங்கலாமா? இரண்டும் இந்த ஜாக்கெட்டுக்குப் பேர்பெற்ற வெளிநாட்டுக் கம்பெனிகள்.

அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களை ஒப்பிட வேண்டும். துணியின் எடை எவ்வளவு, அதற்குள் போயிருக்கும் மெழுகு எப்படிப்பட்டது, உள்ளே என்ன லைனிங் கொடுத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் புரிந்துவிட்டால் எந்தக் கம்பெனி ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் அது உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். புரியாவிட்டால், பெயரைப் பார்த்துப் பெரிய விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட் பீரோவிலேயே கிடக்கும்.

துணிக்குள் இருக்கும் மெழுகு

கேன்வாஸ் என்பது தடித்த பருத்தி நூலால் நெருக்கமாக நெய்த துணி. குடியாத்தத்தில் லுங்கித் தறியைப் பார்த்தவர்களுக்குப் பாவும் ஊடையும் எப்படி ஒன்றை ஒன்று மேலும் கீழுமாகக் கடந்து போகின்றன என்பது தெரியும். கேன்வாஸும் அதே சாதா நெசவுதான். நூல் தடிமன், நெருக்கம் அதிகம், அவ்வளவே. ‘டக்’ என்று சொல்லப்படும் வகையில் பாவு நூல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும். அதனால் துணி இன்னும் உறுதியாகிறது.

இந்தத் துணியில் உருக்கிய மெழுகை ஏற்றி, சூடான உருளைகளுக்கு இடையே அழுத்திச் செலுத்துகிறார்கள். மெழுகு நூலுக்கும் நூலுக்கும் இடையே உள்ள சந்துகளில் புகுந்துகொள்கிறது. நூலின் இழைகளையும் சுற்றிப் படிகிறது. பருத்தி தண்ணீரைக் கண்டால் உறிஞ்சும். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது. மழைத்துளி விழுந்தால் பரவாமல் முத்தாகத் திரண்டு உருண்டு கீழே போய்விடுகிறது. மெழுகு குறைந்த இடத்தில் தண்ணீர் நூலைத் தொட்டுவிட்டாலும் பருத்தி இழை ஈரத்தில் உப்பி, சந்துகளை ஓரளவு அடைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானிகளுக்காக மான்செஸ்டரில் உருவாக்கிய ‘வென்டைல்’ என்ற துணி, மெழுகே இல்லாமல், இந்த உப்பும் குணத்தை மட்டுமே நம்பி மிக நெருக்கமாக நெய்யப்பட்டது.

நாம் பஸ் ஸ்டாண்டில் வாங்கும் மழைக்கோட்டு வேறு வகை. அதில் துணியின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. படலம் முழுசாக இருக்கும்வரை ஒரு சொட்டும் உள்ளே வராது. ஆனால் மடிப்புகளில் வெடித்து உரிய ஆரம்பித்தால் அதைத் திருத்த வழியே இல்லை. மெழுகு துணியில் உரிந்து விழ எதுவும் இல்லை. மெழுகு தேய்ந்த இடத்தில் மறுபடி மெழுகு கொடுக்கலாம். எங்கள் தோல் ஷெட்டுகளில் பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டுவது ஒரு முக்கியமான வேலை. அது இல்லாவிட்டால் தோல் காய்ந்து விறைத்து வெடிக்கும். அந்த எண்ணெய் தோலின் மேல் இருப்பதில்லை, நாருக்குள் இருக்கிறது. மெழுகு கேன்வாஸையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மெழுகு அந்தத் துணியின் ஒரு பாகம். அது செலவாகும், திரும்பக் கொடுக்க வேண்டும். இதற்கு மனம் இல்லாதவர்கள் இந்த ஜாக்கெட்டை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் துணி புதிது ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் தார்ப்பாய் வருவதற்கு முன்னால் லாரிகளில் நெல் மூட்டைக்கும் தோல் பேலுக்கும் மேலே கட்டிய காக்கி, பச்சை நிறத் தார்ப்பாய்கள் மெழுகு ஏற்றிய பருத்திக் கேன்வாஸ்தான். அந்த மெழுகு வாசனையும், மடித்தால் விறைப்பாக நிற்கும் குணமும் பழைய லாரி ஷெட்டுகளில் பழகியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாய்மரக் கப்பல் காலத்தில் பாய்த் துணிக்கு எண்ணெய் பூசினால் காற்றை நன்றாகப் பிடிக்கும், மழையிலும் நனைந்து கனக்காது என்பதை மாலுமிகள் கண்டுகொண்டார்கள். கிழிந்த பாயை வெட்டித் தோளில் போர்த்திக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் நகரில் 1795-இல் தொடங்கிய பிரான்சிஸ் வெப்ஸ்டர் நிறுவனம் ஆளிவிதை எண்ணெய் ஏற்றிய பாய்த் துணியைச் செய்தது. ஆளிவிதை எண்ணெய்க்கு இரண்டு குறைகள்: குளிரில் விறைத்து வெடிக்கும், நாளாக ஆக மஞ்சளாகும். 1930-களில் பருத்தித் துணிக்குச் செம்பு கலந்த அம்மோனியாக் கரைசலில் பதம் கொடுத்து, பிறகு பாரஃபின் மெழுகு ஏற்றும் முறை வந்தது. அந்தச் செம்பு துணிக்குக் கரும்பச்சை நிறத்தைக் கொடுத்தது. இன்றைக்கும் இந்த ஜாக்கெட் என்றாலே ஆலிவ் பச்சை நம் கண்முன் வருவதற்கு அதுவே காரணம்.

எடைதான் முதல் கேள்வி

திருப்பூரில் துணி எடையை ஜிஎஸ்எம்மில் சொல்வார்கள், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. மெழுகு ஜாக்கெட் விற்கிறவர்கள் அவுன்ஸில் சொல்வார்கள். அது ஒரு சதுர கெஜத்துக்கான எடை. ஒரு அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 6 அவுன்ஸ் துணி சுமார் 200 ஜிஎஸ்எம். 10 அவுன்ஸ் சுமார் 340. 15 அவுன்ஸ் என்றால் 500-ஐத் தாண்டிவிடும். நாம் போடும் சாதாரண ஜீன்ஸ் துணி 12 முதல் 14 அவுன்ஸ் வரை இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்கள் கைக்குப் பிடிபடும்.

இங்கே புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில கம்பெனிகள் மெழுகு ஏற்றுவதற்கு முன்னால் இருந்த துணி எடையைச் சொல்கின்றன. சில, மெழுகு ஏற்றிய பின் உள்ள எடையைச் சொல்கின்றன. மெழுகு ஏறினால் துணியின் எடை கணிசமாகக் கூடும். ஆகவே இரண்டு ஜாக்கெட்டுகளின் அவுன்ஸ் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வகைக் கணக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடமே கேட்டுவிடலாம். ஜாக்கெட்டின் மொத்த எடை எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நேர்மையான பதில் அதில்தான் கிடைக்கும்.

5 முதல் 7 அவுன்ஸ் வரை உள்ள துணி உடலோடு படியும். பையில் மடித்து வைக்கலாம், பஸ்ஸில் மடியில் போட்டுக்கொள்ளலாம். தூறலுக்கும் மிதமான மழைக்கும் தாங்கும். 8 முதல் 10 அவுன்ஸ் வரை உள்ளது நடுத்தரம். தினசரி போட்டுப் புழங்குகிறவர்களுக்கு இது நீண்ட நாள் உழைக்கும். 14, 15 அவுன்ஸ் என்பது காட்டில் மரம் வெட்டுகிறவர்களுக்காகச் செய்தது. முள் கிழிக்காது, பலத்த மழையிலும் நெடுநேரம் தாங்கும். ஆனால் புதிதாக வாங்கியபோது அட்டைப் பெட்டியைப் போல நிற்கும். முழங்கையும் தோளும் உங்கள் உடம்புக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். கனமான துணியே உயர்ந்த துணி என்று நினைப்பது பரவலான தவறு. நம் பக்கத்து ஆள் ஒருவருக்கு 15 அவுன்ஸ் ஜாக்கெட் உண்மையில் தேவைப்படும் இடம் ஒன்றைக்கூட இந்த வட்டாரத்தில் என்னால் காட்ட முடியாது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் காட்டுப் பாதையில் நடப்பவர்களுக்குக்கூட 7 அவுன்ஸ் போதும்.

மெழுகில் உள்ள வேறுபாடு

மெழுகு என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு கம்பெனியின் கலவையும் வேறு. அடிப்படை இரண்டு: பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின், தேனீக்கள் தரும் தேன்மெழுகு. பாரஃபின் மலிவு. வகையைப் பொறுத்து ஏறக்குறைய 46 முதல் 68 டிகிரிக்குள் உருகும். அது மட்டும் இருந்தால் துணி விறைக்கும், மடித்த இடத்தில் வெள்ளையாகக் கோடு விழும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கொஞ்சம் இழுபடும் தன்மை உண்டு, துணியோடு வளைந்து கொடுக்கும், வாசனையும் நன்றாக இருக்கும். இவற்றோடு எண்ணெய் சேர்த்து இளக்கினால் துணி மென்மையாகும், ஆனால் தொட்டால் பிசுபிசுக்கும். எண்ணெய் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குக் கையிலும் கார் சீட்டிலும் ஒட்டும்.

அண்மைக் காலத்தில் ‘உலர் மெழுகு’ என்ற பெயரில் ஒட்டாத, வாசனை இல்லாத பூச்சுகளும் வருகின்றன. ஆபீசுக்குப் போட்டுப் போகிறவர்களுக்கு அவை வசதி. மழையைத் தாங்குவதில் பழைய எண்ணெய்ப் பசை உள்ள மெழுகுக்குக் கொஞ்சம் பின்தங்கிவிடுகின்றன என்பது என் அனுபவம்.

கடையில் ஜாக்கெட் கையில் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். உள்பக்கம் மறைவான இடத்தில், கீழ் மடிப்புக்கு அருகில், நகத்தால் லேசாக ஒரு கோடு இழுங்கள். நல்ல மெழுகு ஏறிய துணியில் அந்த இடம் வெளிறிக் கோடு தெரியும். பிறகு அதே இடத்தைக் கட்டைவிரலால் சூடு வரும்படி தேயுங்கள். கோடு மெல்ல மங்கி மறைய ஆரம்பிக்க வேண்டும். மெழுகு இழைகளுக்குள் இருந்தால்தான் சூட்டில் இளகி மறுபடி பரவும். கோடே விழவில்லை என்றால் அது பெயருக்கு மட்டும் மெழுகு, மேலே ஏதோ ரசாயனப் பூச்சு. வெள்ளைத் தூளாக உதிர்ந்து கோடு அப்படியே நின்றால், மெழுகு துணிக்குள் போகாமல் மேலோடு நிற்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. விலைச்சீட்டு சொல்வதைவிட அதிகம் சொல்லிவிடும்.

லைனிங்கும் தையலும்

லைனிங் இல்லாத ஜாக்கெட்டில் மெழுகு நேராகச் சட்டையைத் தொடும். வெள்ளைச் சட்டை போடும் ஊரில் அது சிக்கல். மெல்லிய பருத்தி லைனிங் இருந்தால் போதுமானது. கம்பளி அல்லது பிளாங்கெட் துணி லைனிங் குளிர்நாட்டுக்கு நல்லது, பெங்களூருக்கே அது அதிகம். மெழுகு ஜாக்கெட் தன்னளவில் சூடு தராது, காற்றையும் மழையையும்தான் நிறுத்தும். இதை மறந்து, வெளிநாடு போகிறவர்கள் இந்த ஒன்றையே நம்பி நவம்பர் மாதத்தில் போய் இறங்கிவிடுகிறார்கள். உள்ளே கம்பளி ஸ்வெட்டர் போட இடம் இருக்கும்படி அளவு எடுக்க வேண்டும்.

தையலைப் பார்க்கும் கண் எனக்குத் தொழிலால் வந்தது. மழை இந்த ஜாக்கெட்டில் நுழைவது துணி வழியாக அல்ல, பெரும்பாலும் ஊசித் துளை வழியாகத்தான். அதனால் தோளின் மேலே தையல் ஓடுகிறதா என்று பாருங்கள். தோள் உச்சியில் தையல் இல்லாமல் முன்னாலோ பின்னாலோ தள்ளி வைத்திருந்தால் வெட்டியவர் யோசித்து வெட்டியிருக்கிறார். இரண்டு ஓரங்களும் உள்ளே மடிந்து இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும், ஜீன்ஸ் காலின் உள்பக்கம் நெடுக ஓடுவது அதே தையல்தான். ஜிப் பித்தளையாக, பல் தடிமனாக இருக்கட்டும். ஜிப்பின் மேல் ஒரு மடிப்பு மூடி, பிரஸ் பட்டனோடு இருந்தால் பைக் ஓட்டும்போது நெஞ்சில் காற்று புகாது. அக்குளில் சிறிய பித்தளைக் கண்கள் வைத்திருந்தால் கூடுதல் நல்லது. நம் உடம்பு வியர்க்கும் வேகத்துக்கு அந்தக் காற்றுத் துளைகள் அவசியம்.

இனிப் பெயர்கள்

என் அக்கா மகன் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் படிக்கப் போகும்போது, “மாமா, ஒரே ஒரு ஜாக்கெட்தான் வாங்க முடியும், எது வாங்கட்டும்?” என்று கேட்டான். நான் தயங்காமல் பார்பர் பெடேல் என்று சொன்னேன். அவன் போகும் ஊருக்குப் பக்கத்திலேயே, சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊரில், 1894-இல் ஜான் பார்பர் தொடங்கிய கம்பெனி அது. மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் எண்ணெய்த் துணி உடைகள் விற்றுத் தொடங்கினார்கள். இன்றும் பழைய ஜாக்கெட்டை அனுப்பினால் மெழுகு ஏற்றிக் கிழிசலும் தைத்துக் கொடுக்கிறார்கள். பெடேல் 1980-இல் வந்த மாடல், குதிரை ஓட்டுகிறவர்களுக்காக இடுப்பளவில் வெட்டியது. 6 அவுன்ஸ் துணி, கட்டம் போட்ட பருத்தி லைனிங், கார்ட்ராய் காலர், மணிக்கட்டில் காற்றை அடைக்கும் பின்னல் பட்டை. 1983-இல் வந்த பியூஃபோர்ட் அதைவிட நீளம், வேட்டைப் பறவையை வைப்பதற்கு முதுகுப்பக்கம் பெரிய பை உள்ளது. கோட்டு அணிந்து அதன் மேல் போடுகிறவர்களுக்குப் பியூஃபோர்ட் ஏற்றது. நம் உயரத்துக்குப் பெடேல்தான் பொருந்தும் என்பது நான் பலர் போட்டுப் பார்த்ததில் கண்டது.

ஃபில்சன் 1897-இல் அமெரிக்காவின் சியாட்டிலில், அலாஸ்காப் பக்கம் தங்கம் தேடிப் போனவர்களுக்கு உடை விற்கத் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய ‘டின் கிளாத்’ நான் முன்பு சொன்ன 14, 15 அவுன்ஸ் இனம். செய்நேர்த்தி அபாரம். அந்தத் துணியைத் தொடும்போதே இது ஒரு தலைமுறைக்கு வரும் என்று தெரியும். அப்படிப்பட்ட பொருளைச் செய்கிறவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கனடாவில் காட்டு வேலைக்கோ பண்ணை வேலைக்கோ போகிறவரைத் தவிர நம் பக்கத்தில் யாருக்கும் இதை நான் சொல்வதில்லை.

ஃப்ளின்ட் அண்ட் டிண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மெழுகு டிரக்கர் ஜாக்கெட் இளைஞர்கள் அதிகம் கேட்பது. டெனிம் ஜாக்கெட்டின் வெட்டு, 7 அவுன்ஸ் துணி, உள்ளே பிளாங்கெட் லைனிங். நியூ ஜெர்சியில் மெழுகு ஏற்றப்படும் ‘மார்டெக்சின்’ துணியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் துணி கையில் அதிகம் ஒட்டாது, தேயத் தேய அழகாக நிறம் மாறும். நீளம் குறைவு என்பதால் மழையில் இடுப்புக்குக் கீழே நனையும். மழைக்காக வாங்குகிறவருக்கு அது குறை, தோற்றத்துக்காக வாங்குகிறவருக்குக் குறை இல்லை.

பைக் ஓட்டுகிறவர்கள் பெல்ஸ்டாஃபின் டிரையல்மாஸ்டர் பற்றிக் கேட்பார்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் 1924-இல் தொடங்கிய கம்பெனி, 1948-இல் வந்த மாடல், நான்கு பைகள், இடுப்பில் பெல்ட். பார்பரும் 1936-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக ‘இன்டர்நேஷனல்’ என்ற மாடலைக் கொண்டுவந்தது. இரண்டும் காற்றையும் தூறலையும் தாங்கும். ஆனால் கீழே விழுந்தால் காப்பாற்றுமா என்று கேட்டால் என் பதில் உறுதியானது: சாலையில் உடம்பு உராய்ந்து இழுபடும்போது மாட்டுத் தோலுக்கு இணையாக 6 அவுன்ஸ் பருத்தி நிற்காது. இந்தத் துணியில் தைத்த ஜாக்கெட்டை நெடுஞ்சாலையில் போடுவதாக இருந்தால் தோளிலும் முழங்கையிலும் பாதுகாப்புப் பட்டைகள் வைத்தது மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் தோல் ஜாக்கெட்டே நல்லது. சென்னை பெங்களூரு சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் அழகைப் பார்க்கக் கூடாது.

நம் பருவத்துக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது ஒன்று இருக்கிறது. அது கேன்வாஸ் இனத்தில் சேராது. சுவீடனின் ஃபியெல்ரேவன் கம்பெனி 1968-இல் கொண்டுவந்த ‘கிரீன்லாந்து’ ஜாக்கெட். அவர்கள் இப்போது பயன்படுத்தும் துணி 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி. கூடவே பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த ஒரு மெழுகுக் கட்டியை விற்கிறார்கள். சோப்பைத் தேய்ப்பது போலத் துணியில் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் ஓட்டினால் உள்ளே போய்விடும். தோளுக்கும் தலைமூடிக்கும் மட்டும் மெழுகு கொடுத்துவிட்டு முதுகையும் அக்குளையும் காற்றோட்டமாக விட்டுவிடலாம். எவ்வளவு மெழுகு வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. வெயில் ஊர்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நம் வெயிலும் நம் மழையும்

வடகிழக்குப் பருவமழைக்காக வேலூரில் மெழுகு ஜாக்கெட் வாங்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே குளிர் மிகக் குறைவு, புழுக்கம் அதிகம். மெழுகு துணி பிளாஸ்டிக்கை விட மூச்சு விடும், சாதாரணப் பருத்தியை விட மிகக் குறைவாகத்தான் விடும். வெளியே மழையில் நனையாமல் உள்ளே வியர்வையில் நனைவீர்கள். ஊருக்குள் ஸ்கூட்டரில் போக ஒரு நல்ல மழைக்கோட்டே சரி. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் டிசம்பர், ஜனவரி இரவுகள், பெங்களூருவின் குளிர்காலம், நீலகிரி, கொடைக்கானல், பிறகு வெளிநாடு. இவைதான் இந்த ஜாக்கெட்டுக்கான இடங்கள்.

வெயில் இன்னொரு விதத்திலும் முக்கியம். சித்திரை, வைகாசியில் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியை நெருங்கிவிடும். மெழுகு உருகுவதற்கு முன்னாலேயே இளகிவிடும் என்பதால் அந்தக் காரின் பின் சீட்டில் ஜாக்கெட்டைப் போட்டு வைத்தால் சீட்டில் அதன் அச்சு விழும். பிறகு அதை எடுப்பது கடினம். வெள்ளை வேட்டி, சட்டைகளோடு ஒரே பீரோவில் தொங்கவிடுவதும் கூடாது.

மெழுகு கொடுப்பது

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வாஷிங் மெஷின் கூடாது, சுடுதண்ணீர் கூடாது, சோப்பு கூடாது, டிரை கிளீனிங் கூடாது. இவற்றில் எது நடந்தாலும் மெழுகு போய்விடும், பாதி போய்ப் பாதி நிற்கும் துணி மிகவும் அசிங்கமாக இருக்கும். அழுக்கானால் சேறு காயும்வரை விட்டு, பிரஷ்ஷால் தட்டி, பச்சைத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். லைனிங்கில் வியர்வை வாசனை வந்தால் உள்பக்கத்தைத் திருப்பி ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

வழக்கமாக அணிகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு கொடுத்தால் போதும். எப்போது கொடுக்க வேண்டும் என்பதைத் துணியே காட்டும். தோளிலும் முழங்கையிலும் பைகளின் ஓரத்திலும் நிறம் வெளிறி, தண்ணீர் தெளித்தால் திரளாமல் ஊறிக் கறுக்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு டப்பா மெழுகு, பழைய பருத்தித் துணித்துண்டு, ஹேர் டிரையர். மெழுகு டப்பாவை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதற்குள் டப்பாவை நிற்கவைத்தால் மெழுகு உருகிவிடும். துணித்துண்டைத் தோய்த்து, கொஞ்சமாக எடுத்து, வட்டமாகத் தேய்த்துப் பூசுங்கள். ஒரு பாகத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முதுகு, தோள், கை என்று வரிசை வைத்துக்கொள்ளலாம். தோள் தையலுக்கு வரும்போது நிதானம் வேண்டும். துணியைத் தையலின் இரு பக்கமும் லேசாக விரித்துப் பிடித்து, விரல் நுனியால் மெழுகை ஊசித் துளைகளுக்குள் அழுத்திக்கொண்டே போங்கள். தையல் நூல் கறுத்துப் பளபளப்பாகும்போது அந்தத் துளை அடைபட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நூல் வெளிறிய நிறத்திலேயே நின்றால் இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். காலரின் கார்ட்ராயிலும் பைகளின் உட்புறத்திலும் மெழுகு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசியதும் துணி திட்டுத் திட்டாக இருக்கும். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் மெழுகு இளகி உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலே நின்றதைத் துடைத்துவிடலாம். குளிர்நாட்டவர்கள் ஹேர் டிரையரோடு மல்லுக்கட்டும் இந்த வேலையை மே மாத மொட்டைமாடி சும்மாவே செய்துகொடுக்கும். பகல் 12 மணிக்குக் கறுப்பு அல்லது கரும்பச்சை ஜாக்கெட்டை வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்தால் மெழுகு சீராகப் பரவிவிடும். அடியில் பழைய செய்தித்தாளும் அதற்கு மேல் பழைய போர்வையும் போடுங்கள். நேராகச் சிமென்ட் தரையில் வைத்தால் தரையில் கறை விழும், அதன்மேல் நடந்தால் வழுக்கும். பிறகு தடிமனான ஹேங்கரில் மாட்டி, நிழலில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும்.

கம்பெனி மெழுகு கிடைக்கவில்லை என்றால் நாமே செய்துகொள்ளலாம். தேன்மெழுகையும் பாரஃபினையும் சமமாக எடுத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கட்டியாக வார்த்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைத் தேன் நம் பக்கத்தில் பேர்பெற்றது. தேன் எடுக்கிறவர்களிடம் சொல்லிவைத்தால் அடையிலிருந்து கிடைக்கும் மெழுகும் கிடைக்கும். நம் வெயிலுக்குத் தேன்மெழுகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது, மலிவான பாரஃபினை விட அதிகச் சூட்டில் உருகுவதால் அவ்வளவு சீக்கிரம் இளகாது. முதலில் பழைய கேன்வாஸ் பையில் போட்டுப் பார்த்துவிட்டு, திருப்தியானால் ஜாக்கெட்டுக்குப் போங்கள். இன்னொன்று: மெழுகு ஏறிய துணி எளிதில் தீப்பற்றும். ஏலகிரியில் விறகு மூட்டிச் சுற்றி உட்காரும்போது இந்த ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பருத்தி உறையில், காற்றுப் படும்படி, மற்ற துணிகளிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் வெளியே எடுத்துப் போய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து, காற்றில் உலர்த்தி, அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக மெழுகு கொடுக்க வேண்டும். பழைய ஜாக்கெட் வாங்குகிறவர்களும் முதலில் இதைத்தான் தேட வேண்டும்: பைகளுக்குள் மூக்கை வைத்துப் பாருங்கள், பூஞ்சை வாசனை லைனிங்கில் ஏறியிருந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். வெளித்துணி வெளிறியிருப்பதோ முழங்கையில் சிறு கிழிசல் இருப்பதோ பிரச்சினையே இல்லை. ஒன்றை மெழுகும் மற்றொன்றை நம் ஆம்பூர்த் தையல்காரரும் சரிசெய்துவிடுவார்கள். அவரிடம் கொடுக்கும்போது தடித்த ஊசி போட்டு, தையலை அகலமாக விடச் சொல்லுங்கள். நெருக்கித் தைத்தால் துளைகள் கூடி, மழை அந்த வழியாகவே உள்ளே வரும்.